மடிப்பாக்கமா, பெரம்பூரா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கணவருக்குத் துரைப்பாக்கத்தில் வேலை, உங்களுக்குப் பூங்கா நகர் பக்கம் அலுவலகம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அயனாவரத்தில் அம்மா. 85 லட்சத்துக்குள் பழைய ஃப்ளாட் ஒன்று வாங்க வேண்டும். மடிப்பாக்கத்தில் 2009-இல் கட்டிய 1,020 சதுர அடி, யு.டி.எஸ். (மனையில் உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) 560, விலை 78 லட்சம். பெரம்பூரில் 2016-இல் கட்டிய 840 சதுர அடி, யு.டி.எஸ். 310, விலை 82 லட்சம். "எது நல்ல ஏரியா, எது விலை ஏறும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. உங்கள் குடும்பம் ஊரின் எந்தப் பக்கம் இருந்தால் வாழ்க்கை ஓடும் என்பது ஒன்று. இந்த இரண்டு ஃப்ளாட்டில் எது பணம் கொடுக்கத் தகுந்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் விஷயத்தில் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் சிவில் என்ஜினீயர். வீட்டுக் கடனுக்காக வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் வேலையில் இருபத்து நான்கு வருடம் இருந்தேன். அதில் பெரும்பாலான வருடங்கள் வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம். வட சென்னையில் ஒரு ஆறு வருடம். வக்கீல் இல்லை. ஆகவே பத்திரம் பற்றி நான் சொல்வதை ஒரு வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலை ஏறுமா என்பதைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. பத்து வருடம் கழித்து எந்த ஏரியா எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்பவர் அநேகமாக எதையோ விற்கிறார். ஒன்று மட்டும் உறுதி: கட்டடம் தேய்கிறது, மண் தேய்வதில்லை. ஃப்ளாட்டின் விலை ஏறுகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் அடியில் உங்களுக்கு இருக்கும் மண்ணின் விலை ஏறுவதைத்தான். அதனால் "பெரம்பூர் ஏறுமா" என்று கேட்பதைவிட "பெரம்பூரில் எனக்கு எத்தனை சதுர அடி மண் வருகிறது" என்று கேட்பது உபயோகமானது. அந்த 310 பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மடிப்பாக்கம் என்றால் முதல் பேச்சு தண்ணீர்தான், வரும் தண்ணீரும் நிற்கும் தண்ணீரும். அந்தப் பக்கத்து நிலமே ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களுமாக இருந்தது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, அப்புறம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு, கடைசியில் முட்டுக்காடு பக்கம் கடலுக்கு. இந்தப் பாதையில் இடையில் எங்கே வீடு வந்தாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ராம் நகர் பக்கம் எல்லாம் படகு விட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் மடிப்பாக்கம் முழுக்க மூழ்கும் என்பது பொய். நான்கு தெரு தள்ளி, மேட்டில், அதே மழையில் கணுக்கால் நனையாமல் இருந்தவர்களும் உண்டு. இரண்டு இடத்துக்கும் ஒரே ஏரியா பெயர், ஒரே பின்கோடு, விளம்பரத்தில் ஏறக்குறைய ஒரே விலை. இதனால்தான் ஏரியாவை ஒப்பிடாதீர்கள், தெருவை ஒப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூரிலும் தண்ணீர் நிற்கும், அதை மறைத்துப் பேசக் கூடாது. 2021 நவம்பர் 6-ஆம் தேதி இரவு பெய்த மழையில் கொளத்தூர், பெரம்பூர், புளியந்தோப்பு எல்லாம் தத்தளித்தன. கணேசபுரம் சுரங்கப்பாதை மழை என்றாலே மூடப்படும். ஓட்டேரி நல்லா கால்வாய்க்குப் பக்கத்துத் தெருக்களில் நான் வீடு வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இடத்து வெள்ளமும் ஒன்றல்ல. பெரம்பூர் பக்கம் பெரும்பாலும் மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்குவது. மழை நின்று மோட்டார் ஓடினால் வடிந்துவிடும். மடிப்பாக்கத்தின் தாழ்ந்த பகுதிகளில் மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வரும் தண்ணீர். மழை விட்ட பிறகும் ஏறும், வடிய நாள் ஆகும். மழைநீர் வடிகால் கட்டினால் முதல் வகை குறையும். இரண்டாவது வகைக்கு வடிகால் மட்டும் போதாது, சதுப்பு நிலத்தில் இடம் இருக்க வேண்டும். இது என் அனுபவத்தில் பார்த்தது, தெருவுக்குத் தெரு விதிவிலக்கு உண்டு.

எப்படிச் சோதிப்பது? வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், தரகரைக் கேட்கவே கேட்காதீர்கள். தெரு முனையில் இஸ்திரி போடுபவரிடம் "மிக்ஜாம் அன்னைக்கு வண்டி எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அவருக்கு விற்க எதுவும் இல்லை, வண்டியை எந்த மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார் என்பது அவருக்கு மறக்காது. காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே புது பெயின்ட் அடித்தாலும் உள்ளே கோடு இருக்கும். கீழே பார்க்கிங்கில் மின் மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது? சமீபத்தில் தலை உயரத்துக்கு மேலே மாற்றியிருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். தரைத்தளத்துக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம்? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில், 2009-இல் ரோட்டைவிட இரண்டு அடி உயரமாகக் கட்டிய கட்டடம் இன்றைக்கு ரோட்டுக்குச் சமமாக நிற்கலாம். நான் இதில் அடிபட்டவன். ஒரு மே மாதம், கொளுத்தும் வெயிலில், வேளச்சேரிப் பக்கம் ஒரு தரைத்தள ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது 2015. டிசம்பரில் அந்த வீட்டுக்காரர் எனக்கு போன் செய்தார். திட்டவில்லை, பீரோவின் இரண்டாவது தட்டு வரை தண்ணீர் என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் கோடையில் பார்த்த வீட்டை மழையிலும் பார்க்காமல் நான் யாருக்கும் சரி என்று சொன்னதில்லை.

குடிக்கும் தண்ணீர் வேறு விஷயம். மடிப்பாக்கம் 2011 வரை பஞ்சாயத்து. அதற்குப் பிறகுதான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தாமதமாகத்தான் வந்தன, இவற்றுக்காகத் தோண்டிய தெருக்களில் வருடக்கணக்கில் ஜனங்கள் விழுந்து எழுந்தார்கள். 2024-இல் நெம்மேலியில் நாளுக்கு 15 கோடி லிட்டர் எடுக்கும் இரண்டாவது கடல்நீர் ஆலை வந்தபிறகு தென்சென்னைக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கிறது. பெரம்பூர் பழைய நகரம், அங்கே குழாய் கட்டமைப்பு முன்பிருந்தே உண்டு. 2019 வறட்சியில் அவர்களும் குடத்தோடு நின்றார்கள் என்பது தனி. இரண்டு ஃப்ளாட்டிலும் அசோசியேஷன் செயலாளரிடம் போன வருடம் ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு செலவானது என்று கணக்கு நோட்டில் காட்டச் சொல்லுங்கள். போர் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் மஞ்சள் படிந்திருந்தால் இரும்பு. வாஷிங் மெஷின், குழாய், துணி எல்லாவற்றுக்கும் செலவு வைக்கும்.

இப்போது அந்த 310. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த எண்தான். 2016-இல் சென்னையில் சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்கு அனுமதித்த தளப்பரப்புக் குறியீடு 1.5. அதாவது ஒரு கிரவுண்டில், 2,400 சதுர அடியில், 3,600 சதுர அடி கட்டலாம். அகலமான ரோடாக இருந்தால் பணம் கட்டி இன்னும் கொஞ்சம் வாங்கலாம். குறுகிய தெருவில் அதுவும் கிடையாது. இந்தக் கணக்கில் 840 சதுர அடி ஃப்ளாட்டுக்குச் சுமார் 560 சதுர அடி மண் வரவேண்டும். உங்களுக்கு 310 தருகிறார்கள். எட்டு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள்; எல்லோருக்கும் இதே பங்கு என்றால் மொத்தம் 2,480 சதுர அடி மனையில் 6,720 சதுர அடி கட்டியிருக்கிறார்கள். குறியீடு 2.7. இருபது அடித் தெருவில் 2.7 எப்படி வந்தது? ஒன்று, அனுமதி வாங்கியதைவிட மாடி அதிகம் எழுப்பியிருக்கலாம். இரண்டு, மனைக்காரர் தன் பெயரில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை மட்டும் பிரித்து விற்றிருக்கலாம். மூன்று, 840 என்பதிலேயே படிக்கட்டு, பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஊதியிருக்கலாம். எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் மூன்றில் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு நல்லதல்ல. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி மாடியையும் வீட்டையும் எண்ணுங்கள், எட்டு பேரின் பத்திரத்திலும் உள்ள பங்கைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல்தான், என்ஜினீயர் தேவையில்லை.

இது ஏன் முக்கியம் என்றால் முப்பது வருடம் கழித்து இந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டும் நாள் வரும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தபிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டாலே மறுகட்டுமானம் செய்யலாம். முன்பு போல ஒரே ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரையும் நிறுத்த முடியாது. 2019 விதிகளில் குறியீடும் 2 ஆகியிருக்கிறது. மடிப்பாக்கத்தின் 560 சதுர அடியில் 1,120 கட்டலாம். உங்கள் 1,020-ஐத் திருப்பிக் கொடுத்தும் பில்டருக்குக் கொஞ்சம் மிஞ்சும். பெரம்பூரின் 310-இல் 620-தான். 840-இல் குடியிருந்தவருக்கு 620 கொடுத்து எந்த பில்டரும் வேலை தொடங்க மாட்டார். விதிகள் மாறும், நாளைக்கே குறியீடு கூடலாம். ஆனால் கூடினால் இரண்டு ஃப்ளாட்டுக்கும்தான் கூடும்.

ஆக, காகிதத்தில் மடிப்பாக்கம் ஃப்ளாட் நல்லது. அதற்கும் சந்தேகம் உண்டு. 2009-இல் அங்கே பஞ்சாயத்து. ஆறு வீடு உள்ள கட்டடத்துக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இருந்திருக்க வேண்டும், "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குது சார்" என்பது போதாது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருந்ததா, இல்லையென்றால் 2017 திட்டத்தில் முறைப்படுத்தினார்களா என்றும் கேட்க வேண்டும். இன்னொன்று, பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று 2025-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. உங்கள் பழைய ஃப்ளாட்டை வாங்குவதையோ விற்பதையோ அது தடுப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கட்டடம் அந்த எல்லைக்குள் வருமானால், மேலே நான் போட்ட மறுகட்டுமானக் கணக்கு கேள்விக்குறி ஆகும். எல்லை இறுதியில் எங்கே விழும் என்பது மாறக்கூடியது, கையெழுத்துப் போடும் முன்பு அன்றைய நிலையை விசாரியுங்கள். பெரம்பூரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது வேறு. பழைய மனைகள், நாலைந்து தலைமுறை வாரிசுகள், பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாத ஒரு அத்தை. சில தெருக்களில் அடிமனை கோயிலுடையதாகவோ டிரஸ்டுடையதாகவோ இருக்கும், கட்டடம் மட்டும் விற்பவருடையது. டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகலில் யார் பெயர் என்று பாருங்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 78 லட்சத்துக்குச் சுமார் 7 லட்சம், கூட்டினால் ஏறக்குறைய 85. 82 லட்சத்துக்குச் சுமார் 7.4 லட்சம், கூட்டினால் 89-ஐத் தாண்டும். இதற்கெல்லாம் வங்கி கடன் தராது. அதோடு, ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் போடும் விலை, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். 310 யு.டி.எஸ். ஃப்ளாட்டுக்கு 82 லட்சம் என்று நான் எழுதியிருக்க மாட்டேன்.

இனி குடும்பக் கணக்கு. இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. மகள் பள்ளி விட்டு மூன்றரை மணிக்கு வருவாள். நீங்கள் வீடு வர ஆறரை ஆகும், கணவருக்கு இன்னும் தாமதம். அந்த மூன்று மணி நேரத்துக்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆள் அயனாவரத்து அம்மா. பெரம்பூரிலிருந்து அயனாவரம் ஆட்டோ தூரம். மடிப்பாக்கத்திலிருந்து அது ஒரு பயணம். உங்களுக்கும் பெரம்பூர் ஸ்டேஷனில் ஏறினால் கால் மணி நேரத்தில் சென்ட்ரல்; மடிப்பாக்கம் என்றால் முதலில் வேளச்சேரி ஸ்டேஷனுக்கு ஒரு பஸ்ஸோ ஸ்கூட்டரோ, அப்புறம் பறக்கும் ரயிலில் பூங்கா நகர். அடிபடுவது கணவர்தான். மடிப்பாக்கத்திலிருந்து துரைப்பாக்கம் பத்து கிலோமீட்டருக்குள், ரேடியல் ரோட்டில் நெரிசலைச் சபித்துக்கொண்டே போய்விடலாம். பெரம்பூரிலிருந்து இருபதுக்கு மேல், ஊரை வடக்கிலிருந்து தெற்காகக் கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

மெட்ரோ இதை மாற்றும். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை போகும் 3-ஆவது வழித்தடம் பெரம்பூர், அயனாவரம் வழியாகத் துரைப்பாக்கம் போகிறது. உங்கள் வீடு, அம்மா வீடு, கணவரின் அலுவலகம் மூன்றும் ஒரே தடத்தில் விழுவது அபூர்வம். மடிப்பாக்கத்துக்கு 5-ஆவது வழித்தடம் வருகிறது, சோழிங்கநல்லூர் வரை. இரண்டுமே 2028 என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பறங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் வேலை 2008-இல் தொடங்கி, அரை கிலோமீட்டர் நிலத் தகராறில் வருடக்கணக்கில் நின்றதைப் பார்த்தவன் நான். இலக்குத் தேதியோடு இரண்டு வருடம் கூட்டிக்கொண்டு, அதுவரை கணவரால் தாங்க முடியுமா என்று அவரையே கேளுங்கள். மெட்ரோ வந்தால் விலை ஏறும் என்று தரகர் சொன்னால், அந்த ஏற்றத்தை ஏற்கெனவே விலையில் சேர்த்துத்தான் சொல்கிறார்.

"வட சென்னையா?" என்று மாமியார் வீட்டில் முகம் சுளித்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சுளிப்புக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு என்பது உண்மைதான், விற்கும்போது வாங்க வருபவர் கூட்டம் கொஞ்சம் குறைவு. மற்றபடி 1955-இல் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்த காலத்திலிருந்து சம்பளக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய பகுதி அது. பின்னி மில் இருந்த இடத்தில் இன்று நிற்கும் அடுக்குமாடிகளின் விலையைக் கேட்டால் மாமியார் சுளிப்பு வேறு மாதிரி ஆகும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் நாற்றம் காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்துச் சில தெருக்களுக்கு வரும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது; பெருங்குடிக் கிடங்கின் பக்கத்தில் இருப்பவர்களும் அதே கதைதான் சொல்வார்கள்.

ஆகவே என் பதில்: இருக்க வேண்டிய பக்கம் பெரம்பூர், வாங்க வேண்டிய ஃப்ளாட் அது அல்ல. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மழைக்கு முன்பே, செப்டம்பருக்குள், பெரம்பூரிலோ செம்பியத்திலோ பெரியார் நகரிலோ பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போவேன். ஒரு வடகிழக்குப் பருவமழையை அங்கேயே பார்த்துவிடலாம். கணவருக்கும் அந்தப் பயணம் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். அந்த வருடத்தில் யு.டி.எஸ். வீட்டின் பரப்பில் பாதிக்கு மேல் உள்ள, கொஞ்சம் பழைய ஃப்ளாட்டாகத் தேடுவேன். சிறிய வீடாக இருந்தாலும் சரி. கணவரால் முடியவே முடியாது என்றாலோ, அம்மா உங்களோடு மடிப்பாக்கம் வந்து இருக்கச் சம்மதித்தாலோ என் பதில் தலைகீழாக மாறும். அப்போது அந்த 78 லட்ச ஃப்ளாட்டை, இஸ்திரிக்காரரிடம் பேசிய பிறகு, தாராளமாகப் பாருங்கள்.

பெரம்பூர் ஃப்ளாட்டின் அனுமதி வரைபடம் கைக்கு வந்தால் மாடி எண்ணிக்கையையும் மனை அளவையும் மட்டும் எழுதுங்கள். 2.7 என்ற என் கணக்கு தப்பா சரியா என்று அதில் தெரிந்துவிடும்.